அரை நாளில் ஒரு எண்: உலோகக் களைப்பும் வெப்பக் கமராவும்

வேலி கட்டுகிற கம்பியில் ஒரு சாண் துண்டை எடுங்கோ. குறடு இல்லாமல் அதை முறிக்க எல்லாரும் செய்யிற வேலை ஒன்றுதான்: ஒரே இடத்தில் அங்காலயும் இங்காலயும் வளைக்கிறது. கொஞ்சம் தடிப்பான கம்பியாக இருந்தால், முறிவதற்குச் சற்று முன் வளைந்த இடத்தைத் தொட்டுப் பாருங்கோ, சுடும். நெருப்பில் வைக்கவில்லை, வெயிலில் போடவில்லை. கை கொடுத்த வேலை உலோகத்துக்குள்ளே போய் வெப்பமாக வெளியே வருகிறது. கம்பி தான் முறியப்போகிறதை முதலில் விரலுக்குத்தான் சொல்கிறது.

இந்தச் சின்ன விசயத்தின் மேல் ஒரு முழு அளவீட்டு முறையே நிற்கிறது. ஓர் உருக்குத் துண்டு எவ்வளவு தகைப்பைத் திரும்பத் திரும்பத் தாங்கும் என்பதை, முறியும்வரை ஆட்டிப் பார்த்து அறிவதற்குப் பதிலாக, ஆட்டும்போது அது எவ்வளவு சூடாகிறது என்பதை வைத்துக் கணிக்கிறார்கள். வாரக்கணக்கில் ஓடவேண்டிய சோதனை அரை நாளில் முடிகிறது. இதைப் பற்றி வருகிற ஆய்வுக் கட்டுரைகளில் "விரைவான" என்ற சொல் பெரும்பாலும் தலைப்பிலேயே வந்துவிடும். எனக்கு இந்த முறை பிடிக்கும். ஆனால் அந்த ஒரு சொல்லைச் சொல்லியே அதை விற்கிறதில் எனக்கு உடன்பாடில்லை. மிச்சம் பிடித்த நேரத்தை வைத்து என்ன செய்கிறோம் என்ற கேள்வியை யாரும் கேட்கிறதாகத் தெரியேல்லை.

உலோகமும் களைக்கும் என்பதை மனிசருக்குப் படிப்பித்தது ரயில்தான். 1842 மே 8, ஒரு ஞாயிற்றுக்கிழமை. வேர்சாயில் அரசரின் கொண்டாட்டத்துக்குப் போன சனம் பாரிசுக்குத் திரும்பிக்கொண்டிருந்தது. மூடொன் என்ற இடத்தில் முன் இஞ்சினின் அச்சு முறிந்தது. பின்னால் வந்த பெட்டிகள் அதன் மேல் ஏறி நெருப்புப் பிடித்தன. பெட்டிக் கதவுகளை வெளியால் பூட்டிவைக்கிற வழக்கம் அந்தக் காலத்தில் இருந்தது. 50 பேருக்கு மேல் செத்துப்போனார்கள். தென்துருவக் கடல்வரை போய்த் திரும்பி வந்த கடலோடி டியூமொன் டேர்வில், மனைவியோடும் மகனோடும் அந்த ரயிலில்தான் இறந்தார்.

அந்த அச்சுக்கு அன்றைக்கு யாரும் புதிதாகப் பாரம் ஏற்றவில்லை. நேற்றும் முந்தநாளும் சுமந்த அதே பாரம்தான். முறிந்த முகம் மினுமினுத்ததால், ஓடி ஓடி இரும்பு பளிங்காக மாறிப்போகிறது எண்டு அந்தக் காலத்துப் பொறியியலாளர்கள் பலர் நம்பினார்கள். அடுத்த வருடம் ஸ்கொட்லாந்தின் ராங்கின், முறிவு திடீரென்று வருவதில்லை, அச்சின் தடிப்பு மாறுகிற மூலையில் தொடங்கி மெல்ல மெல்ல உள்ளே போகிறது என்று எழுதினார். ஆனால் "எவ்வளவு தாங்கும்" என்ற கேள்விக்கு எண் வேண்டுமே. அதைத் தேடினவர் பிரஷ்ய ரயில்வேயில் வேலை செய்த ஓகஸ்ட் வோலர். 1850களின் பிற்பகுதியில் தொடங்கி 1870 வரை, தானே வடிவமைத்த இயந்திரங்களில் அச்சுத் துண்டுகளைச் சுழலவிட்டு முறித்துக்கொண்டே இருந்தார்.

சுழல்கிற அச்சில் நடப்பது எங்கள் கம்பிக் கதைதான். பாரத்தால் அச்சு கண்ணுக்குத் தெரியாத அளவு வளையும். ஒரு பக்கம் இழுபடும், எதிர்ப்பக்கம் நெருக்குப்படும். அரைச் சுற்று சுழன்றால் இழுபட்ட பக்கம் நெருக்குப்படும். ஒரு சுற்றுக்கு ஒரு வளைப்பு. வோலர் கண்டது இரண்டு விசயம். தகைப்பைக் குறைத்தால் முறிய எடுக்கும் சுற்றுகள் கூடிக்கொண்டே போகும். உருக்கில் ஒரு அளவுக்குக் கீழே இறங்கினால், அவர் பார்த்த மட்டில், முறிவே வரவில்லை. அந்த அளவைத்தான் களைப்பு எல்லை என்கிறோம். அவர் அட்டவணைகளாகத் தந்தார். இன்றைக்குப் பாடப்புத்தகத்தில் அவர் பெயரில் இருக்கிற வளைகோட்டை வரைந்தது பிறகு வந்தவர்கள்.

இனி, ஏன் வாரக்கணக்கு என்று பார்ப்போம். வழமையாக ஒரு கோடிச் சுற்றுத் தாங்கினால் "முறியவில்லை" என்று எழுதிக்கொள்வார்கள். செக்கனுக்கு 30 தரம் ஆட்டுகிற இயந்திரத்தில் ஒரு கோடிச் சுற்றுக்கு நாலு நாளுக்குக் கொஞ்சம் குறைவாக எடுக்கும். அது ஒரு துண்டுக்கு. ஒரு துண்டு முறியாவிட்டால் அடுத்ததை ஒரு படி கூடின தகைப்பில் போடுகிறது, முறிந்தால் ஒரு படி குறைக்கிறது. இப்படிப் படிக்கட்டில் ஏறி இறங்கிப் பதினைந்து துண்டுகளாவது பார்த்தால்தான் ஓரளவு நம்பக்கூடிய எண் வரும். பாதுகாப்போடு சம்பந்தப்பட்ட இடமென்றால் முப்பது. பாதித் துண்டுகள் இடையிலேயே முறிந்துவிடும் என்று வைத்தாலும், ஒரு இயந்திரத்துக்குப் பதினைந்து துண்டு ஒண்டரை மாத வேலை. அந்த ஒண்டரை மாதமும் இரவு பகலாக ஓடவேண்டும்.

இந்தக் காத்திருப்பைப் பொறுக்காமல் சூட்டை அளக்க நினைத்த முதலாளுகளில் ஒருவர் ஸ்ட்ரோமேயர், மன்செஸ்டரில் நீராவிக் கொதிகலன்களைப் பரிசோதிக்கிற சங்கத்தின் தலைமைப் பொறியியலாளர். 1914இல் அவர் வெளியிட்ட கட்டுரையின் யோசனை எளிமையானது. ஆட்டப்படுகிற துண்டைத் தொட்டுக்கொண்டு நீர் ஓடட்டும். உள்ளே போகும் நீருக்கும் வெளியே வரும் நீருக்கும் இடையில் வெப்பநிலை எவ்வளவு கூடுகிறது என்று பார். தகைப்பைப் படிப்படியாகக் கூட்டு. எந்தப் படியில் நீர் சூடாகத் தொடங்குகிறதோ அதுவே களைப்பு எல்லை. கமரா இல்லை, கணினி இல்லை, நீரும் வெப்பமானியும்தான். நூறு வருசத்துக்கு முந்திய இந்த யோசனையை வாசிக்கும்போது எனக்கு வருகிற சந்தோசம், இன்றைய விலைகூடின கமராப் படங்களைப் பார்க்கும்போது வருவதில்லை.

உயர்தரத்தில் பௌதிகவியல் படிச்ச ஆக்களுக்கு இங்கே ஒரு சந்தேகம் வரவேண்டும். மீள்தன்மை எல்லைக்குள்ளே இழுத்து விட்டால் கொடுத்த சக்தி முழுக்கத் திரும்பி வந்துவிடுமே, பிறகு சூடு எங்கிருந்து வருகிறது? உண்மையில் இரண்டு சூடு இருக்கிறது. இழுத்தால் உலோகம் சொற்பமாகக் குளிரும், நெருக்கினால் சூடாகும். கெல்வின் பிரபு 1850களிலேயே இதற்குக் கணக்குப் போட்டுவிட்டார். உருக்கில் 100 மெகாபஸ்கால் தகைப்புக்கு ஏறத்தாழ பத்தில் ஒரு பாகை. ஆனால் இது போய் வருகிற சூடு; ஒரு முழுச் சுற்று முடிந்தால் கணக்கு நேராகிவிடும். எங்களுக்கு வேண்டியது திரும்பி வராத மற்றச் சூடு. உருக்கு வெளியால் மீள்தன்மையோடு நடந்தாலும், உள்ளே ஒரு சில மணிகளில், சாதகமாகத் திரும்பியிருக்கிற தளங்களில், அணு வரிசைகள் ஒன்றின் மேல் ஒன்று வழுக்குகின்றன. வழுக்கினால் உரசல், உரசினால் வெப்பம். அப்படி வழுக்கிற இடங்களில்தான் பிற்காலத்தில் வெடிப்பும் பிறக்கிறது. இந்த முறையின் முழு நம்பிக்கையும் அந்த ஒரு தொடர்பில்தான் தொங்குகிறது.

இன்றைய செய்முறை இப்படி இருக்கும். மாதிரித் துண்டை மினுக்கம் இல்லாத கறுப்புப் பெயின்ற்றால் பூசுகிறார்கள். மினுங்குகிற உலோகம் தன்னுடைய சூட்டைக் காட்டாமல், எதிரில் நிற்கிற ஆளின் சூட்டைக் கண்ணாடி மாதிரித் திருப்பிக் காட்டும் என்பதே காரணம். பிறகு செங்கீழ்க் கதிர்க் கமராவை முன்னால் வைத்து, குறைந்த தகைப்பில் ஒரு பத்தாயிரம் சுற்று ஆட்டுகிறார்கள். வெப்பநிலை கொஞ்சம் ஏறி, காற்றுக்குப் போகிற சூடும் உள்ளே உண்டாகிற சூடும் சமமானவுடன் ஒரு மட்டத்தில் நிற்கும். அந்த மட்டத்தைக் குறித்துக்கொண்டு, ஆறவிட்டு, அதே துண்டில் அடுத்த படி. பத்துப் பன்னிரண்டு படி. செக்கனுக்கு 30 தரம் என்றால் ஒரு படிக்கு ஆறு நிமிடமும் வேண்டியதில்லை. கீழ்ப் படிகளில் ஏற்றம் மிகச் சொற்பம்; ஒரு கட்டத்துக்கு மேல் கிடுகிடுவென்று ஏறும். வரைபில் மெதுவாக ஏறுகிற கோடும் வேகமாக ஏறுகிற கோடும் சந்திக்கிற முழங்கைதான் களைப்பு எல்லை. 1990களில் பிரான்சில் லுவாங் இந்த முழங்கையை வைத்து வேலை செய்தார். இத்தாலியின் கத்தானியாவில் லா ரோசாவும் ரிசிதானோவும் 2000ஆம் ஆண்டில் வெளியிட்ட கட்டுரைக்குப் பிறகு இது உலகமெங்கும் பரவியது. ஒரே ஒரு துண்டு, அரை நாள், ஒரு எண்.

கேட்க நல்லாத்தான் இருக்கு. இனி என் முறைப்பாடுகள்.

அந்த முழங்கையை யார் வைக்கிறது? ஆய்வுக் கட்டுரையில் வருகிற வரைபுகளில் இரண்டு கோடும் அழகாக வெட்டும். உண்மையான புள்ளிகள் அப்படி வரிசையில் நிற்பதில்லை. மெதுவாக வளைந்துதான் ஏறும். எந்தப் புள்ளிகளைக் கீழ்க்கோட்டுக்கும் எவற்றை மேல்கோட்டுக்கும் கொடுக்கிறாய் என்பதைப் பொறுத்து வெட்டுகிற இடம் நகரும். நடுவில் நிற்கிற ஒரு புள்ளியை மற்றக் கோட்டில் சேர்த்தாலே விடை மாறும். முன்கூட்டியே விடை தெரிந்த உருக்கு என்றால் இன்னும் மோசம். கை தானாகவே தெரிந்த எண்ணை நோக்கிப் போகும். இதில் ஏமாற்று எதுவும் இல்லை, மனிச இயல்பு. புள்ளிகளைப் பிரிப்பதற்குக் கணக்கு முறைகள் இருக்கின்றன; ஆனால் எந்த முறையால் பிரித்தது என்று சொல்லாத அறிக்கை பெறுமதி இல்லாதது என்பது என் கட்சி.

கீழ்ப் படிகளில் நாங்கள் தேடுவது பத்தில் ஒரு பாகை, சில நேரம் அதைவிடக் குறைவு. அறையில் ஏசி ஓடி நிண்டால் அதைவிடக் கூட மாறும். சோதனை இயந்திரத்தின் எண்ணெய் மணித்தியாலக் கணக்கில் சூடேறி, பிடிகள் வழியாகத் துண்டுக்குள் இறங்கும். கதவைத் திறந்து ஒரு ஆள் வந்தாலே வரைபில் தெரியும். நல்ல ஆய்வுகூடத்தில் பக்கத்தில் ஆட்டப்படாத ஒரு துண்டை வைத்து அதன் வெப்பநிலையைக் கழிப்பார்கள். செய்கிற ஆள் பொறுமைசாலியாக இருந்தால் இதெல்லாம் சமாளிக்கக்கூடிய தொல்லைதான்.

ஆழமான பிரச்சினை வேறு. உலோகத்தை நிரந்தரமாக உருமாற்றக் கொடுக்கிற வேலையில் ஏறத்தாழ பத்தில் ஒன்பது பங்கு வெப்பமாக வெளியேறுகிறது, மிச்சம் உலோகத்துக்குள்ளேயே தங்குகிறது என்று டெய்லரும் குவினியும் 1934இல் அளந்து காட்டினார்கள். களைப்பில் இந்தப் பங்கு அப்படியே இருக்கவேண்டும் என்றில்லை, ஆனால் படம் அதேதான். கமரா பார்ப்பது வெளியேறின பங்கை. உலோகத்தின் உள் ஒழுங்கைக் குழப்பி, கடைசியில் வெடிப்புக்கு வழி செய்வது உள்ளே தங்கின பங்கு. வீட்டுக்கு வெளியே வந்த புகையை வைத்து உள்ளே என்ன எரிந்தது என்று சொல்வது போன்ற வேலை இது. பெரும்பாலும் சரியாக வரும். ஆனால் எந்தச் சேதமும் செய்யாமல் சூட்டை மட்டும் உண்டாக்குகிற உள் உரசல்களும் உலோகங்களில் இருக்கின்றன. எல்லாச் சூடும் காயம் இல்லை. அலுமினியக் கலப்புகளில் வோலர் கண்ட மாதிரியான தெளிவான எல்லையே இல்லை. சுற்றுகள் கூடக்கூடத் தாங்குதிறன் இறங்கிக்கொண்டே போகும். அவற்றின் வரைபிலும் ஒரு முழங்கையைக் கண்டுபிடிக்கலாம். அது எதன் எல்லை என்று கேட்டால் பதில் சுகமாக வராது.

இதைவிட எனக்கு உறுத்துகிறது "ஒரே ஒரு துண்டு" என்ற பெருமை. களைப்பில் சராசரிக்கு மதிப்புக் குறைவு. ஒரே வார்ப்பில், ஒரே லேத்தில், ஒரே ஆள் கடைந்த இரண்டு துண்டுகளை ஒரே தகைப்பில் போட்டால் ஒன்று மற்றதைவிடப் பல மடங்கு சுற்றுத் தாங்குவது சாதாரணம். எங்கோ ஒரு மணல் பருமனுக்கும் சின்னக் கசடு, எங்கோ கடைசல் கருவி விட்ட ஒரு கீறல். ரயில் ஓடுவது சராசரி அச்சில் இல்லை. ஆயிரம் அச்சுகளில் மிக மோசமான ஒன்று அதில் எங்கேயோ இருக்கிறது, அது முறிந்தால் காணும். வோலரின் பிறகு வந்தவர்கள் பதினைந்து, முப்பது என்று கேட்டது அந்த மோசமான துண்டைப் பற்றி ஏதாவது தெரிந்துகொள்ளத்தான். அந்தத் துண்டுகளை வெட்டி எறிந்துவிட்டு "விரைவு" என்று சொன்னால், விரைவு வந்தது கமராவால் இல்லை, கேட்கவேண்டிய கேள்வியை விட்டதால்.

1998 ஜூன் 3இல் ஜேர்மனியின் எஷெடே என்ற ஊரில் நடந்ததை இங்கே எடுத்துப் பார்க்கலாம். அதிவேக ரயில் ஒன்றின் சக்கரத்தின் வெளி உருக்கு வளையம் களைப்பால் உடைந்தது. கடைசியில் ரயில் தடம்புரண்டு ஒரு பாலத்தை மோதி 101 பேர் இறந்தார்கள். அதிர்வைக் குறைப்பதற்காக வளையத்துக்கும் உள் சக்கரத்துக்கும் இடையில் றப்பர் வைத்த சக்கரம் அது. றப்பரில் ஏறி நிற்கிற வளையம் ஒவ்வொரு சுற்றிலும் கொஞ்சம் தட்டையாகும். அதாவது வளைந்து நிமிரும். புதிதாக இருக்கும்போது அதன் விட்டம் 920 மில்லிமீற்றர், உடைந்த நேரத்தில் தேய்ந்து 862. தேயத்தேய வளையம் மெலியும், மெலிய மெலிய வளைவு கூடும்.

ஒரு சின்னக் கணக்கு. 920 மில்லிமீற்றர் சக்கரம் ஒரு கிலோமீற்றருக்கு ஏறத்தாழ 346 தரம் சுழலும். சோதனைக் கூடத்தின் ஒரு கோடிச் சுற்று என்பது அந்தச் சக்கரத்துக்கு 29,000 கிலோமீற்றர்கூட இல்லை. உடைந்த வளையம் ஓடியது ஏறத்தாழ 18 இலட்சம் கிலோமீற்றர், அதாவது 60 கோடிச் சுற்றுக்கு மேல். ஒரு கோடி தாங்கினால் என்றைக்கும் தாங்கும் என்ற நம்பிக்கை வோலர் காலத்தது. 1999இல் பிரான்சின் பத்தியாஸ், உலோகங்களுக்கு முடிவில்லாத களைப்பு ஆயுள் என்று ஒன்று இல்லை என்று தலைப்பிலேயே சொல்லி ஒரு கட்டுரை எழுதினார். கோடிகளைத் தாண்டி நூறு கோடி வரை ஓடவிட்டால், எல்லைக்குக் கீழே நின்ற துண்டுகளும் முறிகின்றன. அப்போது வெடிப்பு பெரும்பாலும் மேற்பரப்பில் தொடங்காமல் உள்ளே கிடக்கிற கசட்டில் தொடங்குகிறது.

எஷெடேயில் வெடிப்புத் தொடங்கியது வளையத்தின் உட்பக்கம், றப்பரோடு ஒட்டிய முகத்தில். வெளியே நின்று பார்க்கிற கண்ணுக்கும் தெரியாது, கமராவுக்கும் தெரியாது. வெப்பக் கமரா பார்ப்பது மேற்தோலை மட்டும்தான். உள்ளே ஒரு கசட்டைச் சுற்றி மயிரளவு இடத்தில் உண்டாகிற சூடு, வெளியே வருவதற்குள் பரவிக் காணாமல் போய்விடும். ஒரு படிக்குப் பத்தாயிரம் சுற்று ஓட்டி, அறுபது கோடிச் சுற்றுக்குப் பிறகு எழும்பப்போகிற பிரச்சினையைச் சூட்டில் பார்க்கலாம் என்று யாராவது சொன்னால், சொல்கிறவரிடம் இன்னும் இரண்டு கேள்வி கேளுங்கோ. அந்த விபத்துக்காக மூன்று பொறியியலாளர்கள் மேல் போட்ட வழக்கு 2003இல் தீர்ப்பில்லாமல், ஆளுக்கு 10,000 யூரோ கட்டுவதோடு முடிந்தது. சக்கரம் போதுமான அளவு சோதிக்கப்பட்டதா என்பதே அங்கே பெரிய வாதம்.

இப்ப எங்கட பக்கம் வருவோம். இந்த முறையை நான் தள்ளிவைக்கச் சொல்கிறேன் என்று நினைக்கவேண்டாம். உண்மையில் எங்களைப் போன்ற நாட்டுக்கு இது கூடுதலாகப் பொருந்தும். 2022 மார்ச் கடைசியில் ஒரு நாளைக்கு 13 மணித்தியாலம் கரண்ட் இல்லாமல் இருந்தோம். நாலு நாள் விடாமல் ஓடவேண்டிய ஒரு சோதனையை அந்த மாதத்தில் யாரால் ஓட்டியிருக்கமுடியும்? நிறுத்தி நிறுத்தி ஓட்டலாம்தான். ஆனால் ஒவ்வொரு முறையும் இயந்திரம் நிற்கும்போதும் தொடங்கும்போதும் துண்டுக்கு என்ன அடி விழுந்தது என்று யாருக்கும் தெரியாது. கரண்ட் இருக்கிற ஐந்தாறு மணித்தியாலத்துக்குள் ஒரு முழுச் சோதனையை முடிக்கலாம் என்பது பெரிய விசயம். கமராவும் முந்தி மாதிரி எட்டாக்கனி இல்லை. கைத்தொலைபேசியில் கொழுவுகிற சின்ன வெப்பக் கமராவே பத்தில் ஒரு பாகையளவு வித்தியாசத்தைப் பிரிக்கும். கீழ்ப் படிகளின் நுணுக்கம் அதில் தெரியாது, முழங்கைக்கு மேலான ஏற்றம் தெரியும். அதுவும் இல்லாவிட்டால், துண்டில் ஒட்டுகிற வெப்ப உணரி ஒன்று போதும். ஸ்ட்ரோமேயருக்கு அதுவும் இருக்கவில்லை.

ஆனால் எந்தத் துண்டை வைத்துச் சோதிக்கிறது என்பதில்தான் எங்களுக்கு வேறு வேலை இருக்கிறது. பாடப்புத்தகம் சொல்கிற, கண்ணாடி மாதிரி மினுக்கின புது உருக்குத் துண்டுக்கு எண் ஏற்கெனவே இருக்கு, அதை இன்னொரு தரம் கண்டுபிடிச்சு என்ன செய்யிறது? எங்கள் றோட்டில் ஓடுகிறவை பழைய உலோகங்கள். ஒட்டு வைத்த லொறிச் சட்டம், வில்லுத்தகடு மாற்றின பஸ், உடைந்து வெல்டிங் பிடித்த இழுவைப்பெட்டிக் கொளுக்கி. 1954இல் கொழும்புத் திட்டத்தின் கீழ் கனடா தந்த எம்2 இஞ்சின்கள் அரை நூற்றாண்டுக்கு மேல் எங்கள் தண்டவாளத்தில் ஓடியவை. வெல்டிங் வைத்த இடம் களைப்புக்கு மிக மோசமான இடம் என்பது எல்லாப் பொறியியல் பிள்ளைக்கும் தெரியும்; எவ்வளவு மோசம் என்பது வெல்டிங் பிடித்த ஆளையும் குச்சியையும் அன்றைக்கு இருந்த ஈரலிப்பையும் பொறுத்தது. அந்த எண் எந்தப் புத்தகத்திலும் இல்லை. ஒரு பட்டறையில் ஒட்டு வைத்த இருபது துண்டுகளை வாங்கி, அரை நாளுக்கு ஒன்றாகச் சூட்டு முறையில் போட்டால் பத்து நாளில் இருபது எண் கிடைக்கும். அதில் எது மிகக் குறைவு, எவ்வளவு பரந்து கிடக்கிறது என்பதுதான் எங்களுக்கு வேண்டிய செய்தி. வெல்டிங் துண்டு எல்லா இடமும் ஒரே மாதிரிச் சூடாகாது. எந்த ஓரம் முதலில் சிவக்கிறது என்று கமரா இடத்தையும் காட்டித்தரும். நீரும் வெப்பமானியும் செய்யமுடியாத வேலை இது. கமராவுக்குக் கொடுத்த காசு இங்கேதான் திரும்பி வருகிறது.

கரையோரத்தில் இருக்கிற ஆக்கள் இன்னொன்றையும் யோசிக்கவேண்டும். 1920களில் அமெரிக்கக் கடற்படையின் சோதனைக் கூடத்தில் மக்ஆடம் என்பவர், நீர் படப்பட ஆட்டப்படுகிற உருக்கு காற்றில் ஆட்டப்படுவதைவிட எவ்வளவோ குறைந்த தகைப்பில் முறிகிறது என்று விரிவாகக் காட்டினார். உப்புநீரில் நிலைமை இன்னும் மோசம். அங்கே களைப்பு எல்லை என்ற ஒன்றே இல்லாமல் போகிறது. துரு ஒவ்வொரு வெடிப்பின் வாயையும் திறந்து வைக்கிறது, ஒவ்வொரு சுற்றும் அதைக் கொஞ்சம் ஆழமாக்குகிறது. படகு இஞ்சினின் தண்டு, நங்கூரச் சங்கிலி, இறங்குதுறையின் இரும்பு எல்லாம் இந்தக் கணக்கில் வரும். துருவுக்குத் தேவையானது நேரம். ஆறு நிமிடத்தில் ஓடி முடிகிற படியில் துரு தன்ர வேலையைத் தொடங்கக்கூட மாட்டாது. நேரத்தை மிச்சம் பிடிக்கிற முறை, நேரம் செய்கிற சேதத்தைப் பார்க்கமுடியாது. இங்கே வழி ஒன்றுதான்: துண்டுகளை முதலில் கடற்காற்றில் மாதக்கணக்கில் தொங்கவிட்டு, பிறகு எடுத்துவந்து சூட்டு முறையில் போடுகிறது. அப்போதும் துருவும் ஆட்டமும் ஒன்றாக நடக்கிறபோது வருகிற சேதம் கணக்கில் வராது. அதற்கு உப்புநீர்த் தொட்டியில் பழையபடி நாட்கணக்கில் ஆட்டத்தான் வேண்டும்.

பதினைந்து துண்டு கேட்டால் விரைவு முறையின் நோக்கமே கெட்டுப்போகாதா என்று கேட்பார்கள். கணக்குப் பாருங்கோ. பழைய முறையில் பதினைந்து துண்டுக்கு ஒண்டரை மாதம். சூட்டு முறையில் அரை நாளுக்கு ஒன்றாகப் பதினைந்து என்றால் எட்டு நாள். ஒண்டரை மாதம் எட்டு நாளாவது எனக்கு விரைவாகத்தான் தெரிகிறது. அதில் கிடைத்த எண்ணை வைத்து, அதற்குச் சற்றுக் கீழே மூன்று துண்டுகளை மட்டும் பழைய முறையில் ஒரு கோடிச் சுற்று ஓட்டிச் சரிபார்த்தால் இன்னும் பன்னிரண்டு நாள். மொத்தம் மூன்று வாரத்துக்குள். இறுதியாண்டுப் பிள்ளைகள் ஒரு தவணைக்குள் செய்துமுடிக்கக்கூடிய வேலை. அறிக்கையில் முழங்கையின் எண்ணை மட்டும் எழுதாமல் ஒவ்வொரு படியின் வெப்பநிலையும், அறையின் வெப்பநிலையும், பூசின பெயின்ற்றும், எந்தப் புள்ளியை எந்தக் கோட்டில் சேர்த்தார்கள் என்பதும் அட்டவணையாக வரவேண்டும். அப்படி வந்தால் அடுத்த வருடப் பிள்ளைகள் அதே புள்ளிகளை எடுத்துத் தாங்களும் கோடு போட்டுப் பார்க்கலாம், வேறு விடை வந்தால் ஏன் எண்டு சண்டை பிடிக்கலாம்.